சரக்கு ஏர்ஷிப்புக்கு (லேசான வாயு நிரப்பி மிதக்குற ஆகாயக் கப்பல்) ஹீலியமா, ஹைட்ரஜனா?

தூக்குற சக்தி: ஒரு கன மீட்டர் ஹைட்ரஜன் சுமார் 1.1 கிலோ தூக்கும், ஹீலியம் 1 கிலோ சொச்சம், பெரிய வித்தியாசம் இல்ல.

விலை: ஹைட்ரஜனை தண்ணியில இருந்தே பிரிச்சுக்கலாம். ஹீலியம் பெரும்பாலும் இயற்கை எரிவாயு கிணத்துல இருந்துதான் வரணும், காசு எகிறும்.

பாதுகாப்பு: 1937ல அமெரிக்காவுல லேக்ஹர்ஸ்ட்ல, ஹைட்ரஜன் நிரப்புன ஜெர்மன் ஏர்ஷிப் ஹிண்டன்பர்க் ஒரு நிமிஷத்துக்குள்ள எரிஞ்சு வெறும் எலும்புக்கூடா தரையில கிடந்துச்சு, 36 பேர் போயிட்டாங்க. ஹீலியம் எரியாதுதான், ஆனா புயல் விடாதுங்க, 1933ல ஹீலியம் நிரப்புன அமெரிக்க கடற்படை ஏர்ஷிப் ஆக்ரான் புயல்ல சிக்கி கடல்ல விழுந்து 73 பேர் இறந்தாங்க, இதை நிறைய பேர் மறந்துடுறாங்க.

இறக்குறது: 10 டன் சரக்கு இறக்குனா ஏர்ஷிப் மேல கிளம்பிரும், அதே எடைக்கு தண்ணி ஏத்தணும், இல்லன்னா கேஸை வெளிய விடணும். ஹீலியத்தை அப்படி விட்டா கட்டுப்படியாகாது.

ஆளோட பறக்கணும்னா ஹீலியம்தான், அதுல பேச்சே இல்ல. ஆளில்லாம சரக்கு மட்டும்னா ஹைட்ரஜனை யோசிக்கலாம்.