நான்கு ஆண்டுகள், மூன்று லாட்டுகள், ஒரு என்.பி. ஆன்டிபாடி

இன்ஃப்ளூயன்சா ஏ வைரஸின் என்.பி. எனும் நியூக்ளியோபுரதத்தைக் கண்டறிய எந்த ஆன்டிபாடியை வாங்கலாம் என்று ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த மாணவி போன வாரம் கேட்டாள். நான்கு ஆண்டுகளாக ஒரே நிறுவனத்தின் முயல் பாலிக்ளோனலைத்தான் (முயலின் சீரத்திலிருந்து எடுக்கும் பல ஆன்டிபாடிகளின் கலவை) பயன்படுத்தி வருகிறேன்; இருந்தும் சட்டென்று பதில் சொல்ல வாய் வரவில்லை.

முதல் லாட்டைப் (தயாரிப்புத் தொகுதியைப்) பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது. வெஸ்டர்ன் பிளாட்டில், அதாவது புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து, சவ்வுக்கு மாற்றி, ஆன்டிபாடியால் பட்டையாகக் காணும் முறையில், 5,000 மடங்கு நீர்த்த பிறகும் இது தெளிவாக வேலை செய்யும். பி.ஆர்.8 என்ற ஆய்வக இன்ஃப்ளூயன்சா வைரஸ் தொற்றிய எம்.டி.சி.கே. என்ற நாய்ச் சிறுநீரகச் செல்களின் லைசேட்டில் (உடைத்த செல்களின் சாற்றில்), என்.பி.யின் எடையான 56 கிலோடால்டன் அருகே ஒரே பட்டை தெரியும். தொற்றாத செல்களின் சாறு ஓடிய தடம் துடைத்து வைத்தது போல் இருக்கும். வைரஸின் துணைவகை மாறினாலே, அதன் மேற்புறப் புரதமான ஹீமாக்ளூட்டினினுக்கான ஆன்டிபாடிகள் பெரும்பாலும் கைவிட்டுவிடும். என்.பி. ஏ வகை வைரஸ்களுக்குள் அதிகம் மாறாத புரதம் என்பதால், எச்3என்2 துணைவகை வைரஸிலும் இது தடுமாறவில்லை.

நான் எதிர்பாராத மகிழ்ச்சி நுண்ணோக்கியில் கிடைத்தது. ஜெல்லில் ஓட்டுவதற்காகச் சேர்க்கும் எஸ்.டி.எஸ். என்ற சோப்புப் பொருளில் மடிப்பு குலைந்த புரதத்தை அடையாளம் காணும் ஆன்டிபாடி, செல்லுக்குள் மடிந்த நிலையில் இருக்கும் புரதத்தையும் பிடிக்கும் என்று உறுதி கூற முடியாது. இது இரண்டையும் பிடித்தது. தொற்றிய நான்காம் மணியில் உட்கரு மட்டும் பச்சையாக ஒளிரும். பத்தாம் மணியில் அந்தப் பச்சை சைட்டோபிளாசமெங்கும் பரவியிருக்கும். ஆர்.என்.ஏ. வைரஸாக இருந்தும் உட்கருவுக்குள் சென்று பெருகும் இதன் விசித்திரத்தை நான் பாடமாகப் படித்திருந்தாலும், கண்ணால் கண்டது அன்றுதான்.

இரண்டாம் லாட் வந்ததும் எல்லாம் கெட்டது. தொற்றாத செல்களின் தடத்தில், 50 கிலோடால்டன் அருகே ஒரு மங்கலான பட்டை முளைத்தது. ஒப்பீட்டுக்காக நான் பார்க்கும், செல்லின் சொந்தப் புரதமான டியூபுலினும் ஏறத்தாழ அதே எடைதான் என்பதால், அதே சவ்வில் முன்பு இட்ட டியூபுலின் ஆன்டிபாடியைச் சரியாகக் கழுவி நீக்கவில்லை போலும் என்று என் கையையே இரண்டு வாரம் சந்தேகித்தேன். புதிய சவ்வு, புதிய பால்பொடிக் கரைசல், முதல் ஆன்டிபாடியைக் காட்டித்தரும் புதிய இரண்டாம்நிலை ஆன்டிபாடி என்று எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தும் பட்டை அசையவில்லை. கடைசியில் ஒரே லைசேட்டை ஒரே ஜெல்லில் இருமுறை ஏற்றி, சவ்வை நடுவே வெட்டி, ஒரு பாதியைப் பழைய லாட்டின் மிச்சத்திலும் மறுபாதியைப் புதியதிலும் ஊறவைத்தபோதுதான் புதிய லாட்தான் குற்றவாளி என்று தெரிந்தது. முயல் மாறினால் சீரம் மாறும். ஒரே முயலாக இருந்தாலும் எடுக்கும் நாள் மாறினால் கலவை மாறும். அதை நான் முன்பே நினைத்திருக்க வேண்டும் என்பது உண்மைதான். ஆனால், 'இந்த லாட் எங்கள் தரச்சோதனையில் தேறியது' என்ற ஒற்றை வரியை என் புகாருக்குப் பதிலாக அனுப்பிய நிறுவனத்தை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. தொற்றாத செல்லின் தடத்தைச் சேர்க்காத சோதனையில் எதுதான் தேறாது?

மூன்றாம் லாட் சுத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் 1,000 மடங்குக்கு மேல் நீர்த்தால் பட்டை வெளிறிவிடுவதால், குப்பி ஐந்து மடங்கு வேகத்தில் காலியாகிறது.

ஆகவே அவளிடம், இதை வாங்காதே, அமினோ அமில வரிசை அறியப்பட்டு, விலங்கின் சீரத்துக்குப் பதில் மரபணுவிலிருந்து தயாரிக்கும் மறுசேர்க்கை ஆன்டிபாடியாகப் பார், எதை வாங்கினாலும் முதல் நாளே தொற்றாத லைசேட்டில் சோதித்துவிடு என்று சற்றுக் கடுமையாகவே சொன்னேன். அன்று மாலையே, மூன்றாம் லாட்டில் இன்னும் நான்கு குப்பிகள் கிடைக்குமா என்று விநியோகஸ்தருக்கு நான் எழுதியதை அவளிடம் சொல்லவில்லை.