சீக்கோ 5, எச்.எம்.டி., வோஸ்டாக்: முதல் மெக்கானிக்கல் வாட்ச் எதுவாக இருக்கட்டும்?

பேட்டரி இல்லாமல் ஓடும் ஒரு கைக்கடிகாரம் வேண்டும், பெரிய பணம் போடவும் மனமில்லை. இப்படித் தேடத் தொடங்குகிறவர்கள் கண்ணில் திரும்பத் திரும்பப் படும் பெயர்கள் மூன்று: ஜப்பானின் சீக்கோ 5, இந்தியாவின் எச்.எம்.டி., ரஷ்யாவின் வோஸ்டாக். மூன்றுமே வசதியானவர்களுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. வேலைக்குப் போகிறவர்கள் தினமும் கட்டிக்கொள்ளவும், கெட்டால் ரிப்பேர் பார்த்து மறுபடி கட்டிக்கொள்ளவும் ஏராளமாகத் தயாரிக்கப்பட்டவை. 1969 டிசம்பரில் சீக்கோவே முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தைக் கொண்டுவந்த பிறகு, நேரம் பார்க்க மெக்கானிக்கல் வாட்ச் அவசியம் என்ற நிலை மெல்லப் போனது. அதனால்தான் இவை இன்றைக்கும் கைக்கெட்டும் விலையில் கிடைக்கின்றன.

பழைய வாட்சில் கண்ணை இழுப்பது டயல்தான். ஆனால் வாங்கும்போது மெஷினைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது என் கட்சி. இன்னொன்றும் சொல்வேன். இந்த மூன்றில் எது என்பது பாதிக் கேள்விதான். எந்த வயசு வாட்ச் என்பது மீதிக் கேள்வி. ஒவ்வொன்றுக்கும் வாங்கத் தகுந்த காலம் வேறு வேறு.

மெஷின்

சீக்கோ 5 வரிசை 1963-ல் தொடங்கியது. பெயரில் உள்ள ஐந்து என்பது ஐந்து வசதிகள்: தானாகச் சாவி ஏறுவது, கிழமையும் தேதியும் ஒரே ஜன்னலில் தெரிவது, தண்ணீர் தாங்குவது, 4 மணி பக்கத்தில் உள்ளடங்கிய சாவி (பக்கவாட்டில் திருகும் குமிழ்), உறுதியான கேஸும் (வாட்சின் கூடு) செயினும். இதில் முதல் வசதியைத்தான் நான் வியந்து பார்க்கிறேன். 1959-ல் சீக்கோ உருவாக்கிய 'மேஜிக் லீவர்' என்ற அமைப்பு அது. கை அசையும்போது உள்ளே சுற்றும் எடைத் தகடுதான் ரோட்டர். அது சுற்றும்போது, மையம் தள்ளி வைத்த ஒரு சிறிய ஊசியில் மாட்டிய இரட்டைக் கை நெம்புகோல் முன்னும் பின்னும் அசையும். ஒரு கை பல்சக்கரத்தைத் தள்ளும், மறு கை இழுக்கும். ரோட்டர் இடம் போனாலும் வலம் போனாலும் பல்சக்கரம் ஒரே திசையில்தான் நகரும். வாட்சை ஓட்டும் மெயின் ஸ்பிரிங் ஏறிக்கொண்டே இருக்கும். இந்த வேலையை வேறு பல ஆட்டோமேட்டிக்குகள் நுணுக்கமான திசைமாற்றுச் சக்கரங்களை வைத்துச் செய்கின்றன. அவற்றில் அழுக்கு சேர்ந்தாலோ ஆயில் கெட்டியானாலோ சாவி ஏறுவது குறைந்துவிடும். மேஜிக் லீவரில் பாகங்கள் மிகக் குறைவு என்பதால் அப்படிக் கெடுவதற்கு அதில் அதிகம் எதுவும் இல்லை. எத்தனையோ வருஷம் சர்வீஸ் பார்க்காத சீக்கோ 5-கூட கையில் எடுத்து நாலு ஆட்டு ஆட்டினால் ஓடத் தொடங்குவதன் ரகசியம் இதுதான்.

1996-ல் வந்த 7எஸ்26 மெஷின் இந்தக் குடும்பத்தின் உழைப்பாளி. 21 கல் (தேய்மானம் குறைய உள்ளே பதிக்கும் சிறு கற்கள்), மணிக்கு 21,600 துடிப்பு. ஆனால் இரண்டு குறைகள் உண்டு. சாவியைத் திருகி ஏற்ற முடியாது. நேரம் வைக்கும்போது வினாடி முள் நிற்காது. 2019-ல் புதுப்பித்து வந்த சீக்கோ 5 ஸ்போர்ட்ஸ் வரிசையில் 4ஆர்36 மெஷின் வந்து இரண்டையும் தீர்த்துவிட்டது.

எச்.எம்.டி. முற்றிலும் வேறு மனநிலை. பெங்களூரில் 1961-ல் சிட்டிசன் நிறுவனத்தின் கூட்டுறவோடு தொடங்கிய கடிகாரத் தொழிற்சாலை அது. ஜனதா, பைலட், ஜவான் போன்ற பெயர்களில் வந்த கையால் சாவி கொடுக்கும் வாட்ச்களுக்கு அடிப்படை சிட்டிசன் வழிவந்த 0201 மெஷின். 17 கல், மணிக்கு 18,000 துடிப்பு. ரோட்டர் இல்லை, பெரும்பாலான மாடல்களில் தேதியும் இல்லை. பின்மூடியைத் திறந்தால் துடிப்பைத் தரும் பேலன்ஸ் வீல் நிதானமாக வீசி ஆடுவது கண்ணுக்கு நன்றாகத் தெரியும். வினாடிக்கு ஐந்து துடிப்பு என்பதால் டிக் டிக் ஓசையில்கூட ஓர் அமைதி இருக்கும்.

17 கல் என்பதைப் பார்த்துக் குறைவோ என்று யாரும் நினைக்க வேண்டாம். கையால் சாவி கொடுக்கும் மெஷினில் முக்கியமான தேய்மான இடங்களுக்கெல்லாம் 17 போதும். வோஸ்டாக்கின் ஆட்டோமேட்டிக் மெஷினான 2416-ல் 31 கல் இருக்கிறது என்றால் அது உயர்ந்தது என்று அர்த்தமில்லை. கூடுதல் கற்களில் பல தானியங்கிப் பகுதிக்குப் போகின்றன.

வோஸ்டாக் மெஷின்கள் முரடானவை, ஆனால் உறுதியானவை. 19,800 துடிப்பு. கையால் சாவி கொடுக்கும் 2409-ம் ஆட்டோமேட்டிக் 2416-ம் ஒரே அடித்தளத்தில் எழுந்தவை. இவற்றில் என்னை எரிச்சலூட்டுவது தேதி வைக்கும் முறை. 2416-ல் தேதியை நேரடியாக மாற்ற வழியில்லை. முள்ளை நள்ளிரவு தாண்டிச் சுற்றி, இரவு 8 மணி வரை பின்னால் கொண்டுவந்து, மறுபடி 12-ஐத் தாண்ட வேண்டும். நான்கு நாள் கழற்றி வைத்த வாட்சுக்கு இது பரவாயில்லை. பதினைந்து நாள் கழித்து எடுத்தால் பொறுமை வேண்டும். சீக்கோவில் சாவியை ஒரு கட்டம் இழுத்துத் திருகினால் தேதி மாறிவிடும். இரவு 9 மணியிலிருந்து விடியற்காலை 4 மணி வரை மட்டும் அதைத் தொடக்கூடாது. அந்த நேரத்தில் தேதிச் சக்கரம் ஏற்கெனவே பிடியில் இருக்கும், பல் உடையும்.

கேஸ், கண்ணாடி, தண்ணீர்

இங்கே வோஸ்டாக் தண்ணீரில் மூழ்குகிறவர்களுக்காகச் செய்த ஆம்ஃபிபியா மற்ற இரண்டையும் தூரத்தில் விட்டுவிடுகிறது. 1967-ல் மிகயில் நோவிகோவ், வேரா பெலோவா என்ற இரு வடிவமைப்பாளர்கள் சிஸ்டபோல் நகரத் தொழிற்சாலையில் செய்த வேலை அது. 200 மீட்டர் ஆழம் தாங்க வேண்டும், ஆனால் மேற்கத்திய நிறுவனங்கள் வைத்திருந்த துல்லியமான உற்பத்தி முறையும் காப்புரிமையும் கையில் இல்லை. அவர்கள் கண்ட வழி, தண்ணீரின் அழுத்தத்தையே வேலை வாங்குவது. பின்மூடி திருகாணி மாதிரி சுழலாது. தட்டையான மூடி தடித்த ரப்பர் கேஸ்கெட் மேல் உட்காரும், வெளியே ஒரு வளையம் அதை இறுக்கும். ஆழம் கூடக் கூட அழுத்தம் மூடியை ரப்பர் மேல் இன்னும் அழுத்தும். மேலே உள்ள தடித்த அக்ரிலிக் கண்ணாடியும் அப்படியே: வளைந்து கொடுத்து விளிம்பில் இறுகும். சாவியை வெளியே இழுத்தால் லொடலொடவென்று ஆடும். புதிதாக வாங்கியவர்கள் உடைந்துவிட்டதென்று பதறுவார்கள். வெளியே விழும் அடி, சாவியை மெஷினோடு இணைக்கும் தண்டுக்குப் போகாமல் இருக்க வேண்டுமென்றே வைத்த தளர்வு அது. எளிய பொருளை வைத்துக் கடினமான சிக்கலைத் தீர்த்த இந்த வடிவமைப்பை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

ஆனால் ரப்பர் கெட்டியாகும். முப்பது வருஷத்துக்கு முந்தைய ஆம்ஃபிபியாவைக் கட்டிக்கொண்டு நீந்துவது, வெறும் பெயரை நம்பிக் குதிப்பது. புதிய கேஸ்கெட் போட்டு அழுத்தப் பரிசோதனை செய்யாமல் எந்தப் பழைய வாட்சையும் தண்ணீரில் இறக்க வேண்டாம். எச்.எம்.டி.யை மழையிலிருந்தே காப்பாற்றுங்கள்.

கண்ணாடி விஷயத்தில் வெற்றி பழைய அக்ரிலிக்குக்கு. எச்.எம்.டி., வோஸ்டாக் இரண்டிலும் கீறல் விழுந்தால் கொஞ்சம் பற்பசையும் மென்மையான துணியும் போதும், தேய்த்தால் மறைந்துவிடும். சீக்கோவின் மினரல் கண்ணாடி எளிதில் கீறாது. கீறினால் மாற்றத்தான் வேண்டும்.

அசலா, ஒட்டுப்போட்டதா?

பழைய வாட்ச் வாங்குவதில் பணம் போவதும் மனசு உடைவதும் இங்கேதான். மூன்றிலும் மோசமான நிலை எச்.எம்.டி.க்கு. பச்சை, ஆரஞ்சு, ஊதா என்று கண்ணைப் பறிக்கும் டயலோடு வரும் பைலட்கள் பெரும்பாலும் மறுவண்ணம் பூசியவை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் எழுத்து தடித்திருக்கும், நிமிடக் கோடுகளின் இடைவெளி ஒரே சீராக இருக்காது, 6 மணிக்குக் கீழே இருக்க வேண்டிய நுண்ணெழுத்து காணாமல் போயிருக்கும் அல்லது கோணலாக இருக்கும். கேஸை பளபளவென்று தேய்த்துத் தேய்த்து விளிம்பெல்லாம் மழுங்கியிருக்கும். உள்ளே மெஷின் நன்றாக ஓடலாம். ஓடுகிற வாட்ச் என்று தெரிந்தே வாங்கினால் அதில் தவறில்லை. அசல் என்று சொல்லி விற்றால் அது ஏமாற்று. கொஞ்சம் மஞ்சளித்த, புள்ளி விழுந்த அசல் டயலையே நான் எப்போதும் தேர்ந்தெடுப்பேன். அந்த எழுத்துகளின் மெல்லிய அச்சைப் பூசிய டயல் ஒருபோதும் தராது.

சீக்கோவில் சரிபார்ப்பது எளிது, இதுதான் அதன் பெரிய பலம். பின்மூடியில் 7009-க்குப் பிறகு ஒரு கோடு போட்டு நான்கு இலக்கம் என்ற மாதிரி எண் இருக்கும். முதல் நான்கு மெஷின் எண், அடுத்தது கேஸ் எண். டயலின் அடியில் மிகச் சிறிய எழுத்திலும் மெஷின் எண்ணில் தொடங்கும் ஒரு குறியீடு இருக்கும். பின்மூடி 7009 என்றும் டயல் 6309 என்றும் சொன்னால் இரண்டு வாட்சைப் பிரித்து ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்கள். பின்மூடி வரிசை எண்ணின் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். அக்டோபருக்கு 0, நவம்பருக்கு என், டிசம்பருக்கு டி. எந்தப் பத்தாண்டு என்பதை மெஷினை வைத்துப் புரிந்துகொள்ளலாம். 7எஸ்26 உள்ள வாட்சில் 7 என்று தொடங்கினால் அது 1977 ஆக இருக்க முடியாது. 1997, 2007, 2017 இவற்றில் ஒன்று.

வோஸ்டாக்கில் டயல், முள், வளையம் எல்லாம் ஒன்றுக்கொன்று மாட்டக்கூடியவை. எனவே கலப்பு மிகச் சாதாரணம். இதை நான் பெரிய குற்றமாக எடுத்துக்கொள்வதில்லை. சேகரிப்பவர்களே வேண்டுமென்று மாற்றி அழகுபார்க்கும் வாட்ச் அது.

ரிப்பேரும் துல்லியமும்

7எஸ்26-க்கு மாற்று வேண்டுமென்றால் முழு மெஷினே கிடைக்கும். என்எச்36 என்ற பெயரில் சீக்கோ குழுமம் மற்ற நிறுவனங்களுக்கு விற்கும் மெஷின், தண்டை மட்டும் மாற்றினால் பழைய கேஸில் உட்கார்ந்துவிடும். கூடவே கையால் சாவி கொடுக்கும் வசதியும் வந்துவிடும். எச்.எம்.டி.யின் மெஷினோ பழைய வாட்ச் மெக்கானிக்குகள் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டும் அளவுக்கு எளிது. ஆனால் எச்.எம்.டி.யின் கடிகாரத் தொழிற்சாலைகள் 2016-ல் மூடப்பட்டுவிட்டன. இனி உதிரி பாகம் என்பது இன்னொரு பழைய வாட்சிலிருந்து எடுத்ததாகத்தான் இருக்கும். வோஸ்டாக்குக்கு அந்தக் கவலை இல்லை, அதே மெஷின் இன்றும் தயாராகிறது. பின்மூடியை இறுக்கும் அந்த வளையத்தைத் திறக்கும் கருவி மட்டும் எல்லா மெக்கானிக்கிடமும் இருக்காது.

துல்லியத்துக்காக இவற்றில் எதையும் வாங்காதீர்கள். 4ஆர்36-க்கு சீக்கோவே தரும் வரம்பு நாளொன்றுக்கு 45 வினாடி வேகம் முதல் 35 வினாடி தாமதம் வரை. நன்றாகச் சரிசெய்த வாட்ச் இதைவிட வெகு நன்றாக ஓடும். திடீரென்று ஒரு நாளில் பல நிமிடம் முந்திப் போனால் பெரும்பாலும் காந்தம் ஏறியிருக்கும். காந்தம் நீக்கினால் பழைய நிலைக்கு வந்துவிடும், பயப்பட வேண்டாம்.

புதிதாக ஏதேனும் மலிவான மெக்கானிக்கல் வாங்கினால் என்ன? வாங்கலாம். ஸ்வாட்ச் 2013-ல் அறிமுகம் செய்த சிஸ்டம்51 வெறும் 51 பாகங்களில் 90 மணி நேரம் ஓடுகிறது, பொறியியலாகப் பார்த்தால் அபாரம். ஆனால் அது மூடி முத்திரையிட்ட மெஷின், பிரித்து ரிப்பேர் பார்க்க முடியாது. மெக்கானிக்கல் வாட்சை விரும்புவதற்கே அடிப்படையான ஒன்றை அதில் விட்டுக்கொடுக்கிறோம். பழைய சுவிஸ் வாட்ச்கள் அழகானவை, ஆனால் பெயர் ஒன்றும் மெஷின் இன்னொன்றுமாக நூறு விதம். முதல் வாட்சாக அங்கே போக வேண்டாம்.

சரி, முடிவு. ஒரே ஒரு வாட்ச், தினமும் கட்ட வேண்டும் என்றால் 1996-க்குப் பிந்தைய 7எஸ்26 சீக்கோ 5. அதிகம் பழசும் வேண்டாம், புதுசும் அவசியமில்லை. வோஸ்டாக்கைப் புதிதாகவே வாங்குங்கள். உள்ளே இருப்பது அதே மெஷின்தான். அதன் உயிரான நீர்க்காப்போ வயசானால் போய்விடும். எச்.எம்.டி.யைப் பழையதாக, டயல் தொடப்படாததாகப் பார்த்து, இரண்டாவது வாட்சாக வாங்குங்கள். காலையில் ஒரே நேரத்தில் சாவி கொடுங்கள், தடை தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். மூன்றில் மனசுக்கு மிக நெருக்கமாக வருவது இதுதான் என்பது என் அனுபவம். ஆட்டோமேட்டிக்கை நாம் கட்டிக்கொள்கிறோம், இதை நாம் ஓட வைக்கிறோம்.

எதுவானாலும் பணம் கொடுக்கும் முன் பின்மூடி திறந்த படம் கேளுங்கள். மெஷினில் துரு, திருகாணித் தலைகளில் கீறல், ரோட்டர் உரசிய தடம் இருக்கிறதா என்று பாருங்கள். வாட்சை டயல் மேலாகவும், டயல் கீழாகவும், சாவி கீழாகவும் வைத்து ஓடும் வீடியோ ஒன்றும் வாங்குங்கள். ஒரு நிலையில் ஓடி இன்னொரு நிலையில் நின்றால் சர்வீஸ் செலவையும் சேர்த்துப் பேரம் பேசுங்கள். படம் தர மறுத்தால் அடுத்த வாட்சைப் பாருங்கள். இந்த மூன்று பெயர்களிலும் அடுத்தது நிச்சயம் வரும்.