ஓப்பன்எல்பி: ஐந்து வருஷமும் இரண்டு ‘டி’யும்

பக்கத்துச் சேகரத்து ஆலயத்தில் புரொஜெக்டர் வாங்கிவிட்டார்கள். “அண்ணே, நீங்க ஓப்பன்எல்பிதானே போடுறீங்க? எங்களுக்கும் சரிப்படுமா?” என்று அங்கிருந்து ஒரு தம்பி வாட்ஸ்அப்பில் கேட்டான். சனிக்கிழமை கேட்டிருந்தால் ‘கண்ணை மூடிக்கிட்டுப் போடுடே’ என்றிருப்பேன். கேட்டது திங்கட்கிழமை.

ஓப்பன்எல்பி என்பது ஆராதனையில் பாட்டு வரிகளைத் திரையில் காட்டும் மென்பொருள். ஐந்து வருஷமாக எங்கள் ஆலயத்தில் அதில் பாட்டு ஓட்டுவது நான்தான். அதற்கு முன்னால் பவர்பாயின்ட். ஒவ்வொரு சரணத்துக்குப் பின்னாலும் பல்லவியை ஒட்டி ஒட்டி, ஐந்து சரணக் கீர்த்தனைக்குப் பதினொரு ஸ்லைடு ஆகும். பல்லவியில் ஓர் எழுத்துப் பிழை என்றால் ஆறு இடத்தில் திருத்த வேண்டும். இதில் பல்லவியை ஒரே தடவை அடித்து, வரிசைப் பெட்டியில் சி1 வி1 சி1 வி2 என்று (‘சி’ பல்லவி, ‘வி’ சரணம்) கொடுத்துவிட்டால் மீதியை அதுவே பார்த்துக்கொள்கிறது. அனுபல்லவிக்கு மட்டும் தனி இடம் கிடையாது. ஆங்கிலப் பாட்டில் கோரஸுக்கு முன்னால் வரும் ப்ரீ-கோரஸ் கணக்கில் போட்டுச் சமாளிக்கிறேன்.

போதகர் ஐயா திடீரென்று “மூன்றாம் சரணத்தை இன்னொரு விசை பாடுவோம்” என்பார். ‘வி’ தட்டி, 350 மில்லி செகண்டுக்குள் 3 தட்டினால் நேரே அங்கே போய் நிற்கும். கண் சிமிட்டும் நேரம்தான். இப்போது கை பழகிவிட்டது. இன்னொன்று, ஒரே வைஃபையில் இருந்தால் போன் பிரவுசரில் கம்ப்யூட்டரின் முகவரியையும் 4316 என்ற போர்ட் எண்ணையும் போட்டு, அடுத்து வரும் வரிகளை கிடார் தம்பி தன் போனிலேயே பார்த்துக்கொள்வான். இத்தனைக்கும் சந்தா ஒரு பைசா இல்லை.

பழைய பாட்டெல்லாம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்துக் கிடந்தது, அதை யூனிகோடாக்க நான் பட்ட பாடு தனிக் கதை. அதற்கு இந்த மென்பொருளைக் குறை சொல்ல முடியாது.

குறை வேறு. பிரசங்கம் தொடங்கியதும் பாட்டு வரிகளை மறைத்துப் பின்னணிப் படத்தை மட்டும் காட்ட ஒரு விசை உண்டு: தீமுக்கு ‘டி’. பாட்டுத் திரையையே விலக்கிக் கம்ப்யூட்டரின் முகப்பை அப்படியே காட்ட இன்னொரு விசை: டெஸ்க்டாப்புக்கும் ‘டி’. ஆங்கிலத்தில் T, D என்று வேறு வேறு எழுத்துதான். காணிக்கைப் பாட்டு இரைச்சலில் காதோடு காதாகச் சொன்னால் இரண்டும் ஒன்றுதான்.

போன ஞாயிறு ஜெனரேட்டர் பார்க்கக் கீழே போக வேண்டியிருந்தது. பக்கத்தில் இருந்த பையனிடம் “பிரசங்கம் ஆரம்பிச்சதும் டி தட்டிருடே” என்று சொல்லிவிட்டுப் போனேன். அவன் தட்டியது மற்ற ‘டி’. நான் திரும்பி வந்தபோது பத்தடித் திரையில் என் பைக்கின் படம், அதன் நெற்றியில் ‘சீட்டு பாக்கி’ என்று ஒரு ஃபைல். பாக்கி வைத்திருப்பவர்களில் மூன்று பேர் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் திரும்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

நியாயமாகப் பார்த்தால், இந்த விசைகளை மாற்றிக்கொள்ளும் இடம் செட்டிங்ஸ் மெனுவிலேயே இருக்கிறது. ஐந்து வருஷத்தில் நான் அதைத் திறந்ததே இல்லை. அந்தக் கடுப்பும் சேர்ந்துதானோ என்னவோ, தம்பிக்கு “வேண்டாம்டே, பவர்பாயின்ட்லயே ஓட்டு” என்று அனுப்பிவிட்டேன்.

வருகிற ஞாயிறுக்கான பாட்டு வரிசையை நேற்று ராத்திரி ஓப்பன்எல்பியில்தான் போட்டு வைத்தேன். சீட்டு ஃபைலை வேறு ஃபோல்டருக்கு மாற்றியாகிவிட்டது.