தண்ணி லாரி, ஒரு பூட்டு: ரஸ்ட் சர்வரோடு நான்கு கோடை

மேடவாக்கத்தில் ஒரு மாடி அறையில் மூன்று பேர் உட்கார்ந்து பெரும்பாக்கம், பள்ளிக்கரணை, சோழிங்கநல்லூர் பக்கத்து அடுக்குமாடிகளுக்குத் தண்ணி லாரி பதிவு செய்யும் சர்வரை நடத்துகிறோம். லாரிகள் எங்களுடையவை அல்ல. எந்த லாரி எங்கே நிற்கிறது, எது காலி, அடுத்த லோடு யாருக்கு என்பது மட்டும் எங்கள் பொறுப்பு. இந்தத் தகவல் முழுக்க முதலில் சர்வரின் நினைவகத்தில் ஒரே அட்டவணையாக இருந்தது. ஏப்ரல், மே காலைகளில் ஆறு மணிக்கு எல்லாச் சங்கச் செயலாளர்களும் ஒரே சமயத்தில் ஆப்பைத் திறப்பார்கள். நூற்றுக்கணக்கான கோரிக்கைகள் அந்த ஒரே அட்டவணையைப் படிக்கவும் மாற்றவும் முண்டியடிக்கும்.

2021 வரை இந்தச் சர்வர் கோ என்ற நிரல்மொழியில் இருந்தது. அட்டவணை இருந்த மேப்புக்கு, ஒரு சமயத்தில் ஒருவரை மட்டும் தொட விடும் பூட்டைப் போட ஓர் இடத்தில் மறந்துவிட்டேன். இரண்டு கோரூட்டீன்கள் (ஒரே சமயத்தில் ஓடும் வேலைகள்) ஒன்றாக எழுதியதும் 'கன்கரண்ட் மேப் ரைட்ஸ்' என்று சொல்லிவிட்டு மொத்த நிரலும் விழுந்தது. ஓடும்போது வரும் சாதாரண பிழை, அதாவது பேனிக் என்றால் அந்த ஒரு கோரிக்கையோடு போயிருக்கும். இந்தப் பிழையை, பேனிக்கைப் பிடிக்கும் ரிக்கவர் போட்டும் பிடிக்க முடியாது. கோ மேல் பழி போட மாட்டேன். இப்படிப்பட்ட மோதலைக் காட்டும் ரேஸ் டிடெக்டர் 2013இலிருந்தே அதோடு வருகிறது, நாங்கள்தான் ஓட்டவில்லை. ஆனால் பூட்டை மறந்தால் நிரல் கம்பைலே ஆகக்கூடாது, ஓடும் வடிவத்துக்கே வரக்கூடாது என்ற ஆசை அன்றைக்கு வந்தது. 2022 தொடக்கத்தில் ரஸ்ட் மொழி, அதில் பல வேலைகளை ஒரே சமயத்தில் ஓட்டும் டோக்கியோ, வலைக் கோரிக்கைகளைக் கையாளும் ஆக்ஸம் என்று மாறினோம்.

முதல் மாதம் கம்பைலரோடு சண்டைதான். டோக்கியோ ஓட்டும் ஒவ்வொரு வேலையும் ஒரு டாஸ்க். அட்டவணையைப் பல டாஸ்க்குகளுக்குக் கொடுக்க ஆர்க் என்ற பகிரும் உறை வேண்டும், மாற்ற மியூட்டெக்ஸ் என்ற பூட்டு வேண்டும். ஆர்க்குக்குப் பதில், ஒரே த்ரெட்டுக்குள் (நிரலின் ஓர் ஓட்ட இழைக்குள்) மட்டும் பகிரும் ஆர்சி என்று எழுதினால், இதை இன்னொரு த்ரெட்டுக்கு அனுப்ப முடியாது என்று அங்கேயே நிறுத்திவிடும். பூட்டைத் திறக்காமல் உள்ளே இருக்கும் மேப்பைத் தொட வழியே கிடையாது, ஏனென்றால் மேப் இருப்பதே பூட்டுக்குள்தான். கோ மொழியில் பூட்டும் மேப்பும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். இது அதற்கு, அது இதற்கு என்பது எழுதியவன் தலையில் மட்டும் இருக்கும். இந்த ஒரு வித்தியாசத்துக்காகவே மாறியது சரி என்று இன்றும் சொல்வேன்.

எங்கள் முதல் தவறு கம்பைலரை ஏமாற்றியது. லாரியை ஒதுக்கும் இடத்தில் பூட்டை எடுத்து, டிரைவருக்கு எஸ்எம்எஸ் அனுப்பக் காத்திருந்து, அப்புறம் அட்டவணையில் எழுதினோம். காத்திருக்கும் இடம் என்றால் அவெய்ட். அவெய்ட்டில் தூங்கும் டாஸ்க் வேறொரு த்ரெட்டில் விழித்துக்கொள்ளலாம். சாதாரண மியூட்டெக்ஸின் பூட்டை அப்படி த்ரெட் மாற்றித் தூக்கிப்போகக் கூடாது. அதனால் கம்பைலர் மறுத்தது. நான் என்ன செய்தேன்? டோக்கியோவின் மியூட்டெக்ஸ் அவெய்ட்டைத் தாண்டியும் பிடித்திருக்க விடும் என்று படித்து, பெயரை மாற்றினேன். பிழை மறைந்தது. சாதாரணத் தரவுக்கு வழக்கமான மியூட்டெக்ஸே போதும் என்று டோக்கியோவின் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. அந்தப் பத்தியை நான் அடுத்த ஏப்ரலில்தான் படித்தேன்.

அந்த ஏப்ரலில் எஸ்எம்எஸ் கேட்வே ஒரு நாள் காலை மெதுவானது. ஒவ்வொரு செய்திக்கும் நான்கைந்து விநாடி. பூட்டு ஒருவர் கையில், மற்ற எல்லோரும் பின்னால் வரிசையில். டோக்கியோவின் மியூட்டெக்ஸ் வந்த வரிசைப்படி ஒழுங்காக விடும் என்பதால் யாரும் முந்தவில்லை, எல்லோரும் சமமாக மாட்டிக்கொண்டார்கள். சும்மா லாரி எங்கே என்று பார்க்க வந்தவர்கள் உட்பட.

சரி, பூட்டைச் சீக்கிரம் விட்டுவிடுவோம் என்று சாதாரண மியூட்டெக்ஸுக்கே திரும்பினேன். அடைப்புக்குறி போட்டு அதற்குள் பூட்டு, லாரி காலியா என்று பார்த்தல், வேண்டியதை நகலெடுத்தல். அடைப்பு முடிந்ததும் பூட்டு போய்விடும். வெளியே வந்து எஸ்எம்எஸ். அப்புறம் மறுபடி பூட்டு, 'ஒதுக்கியாச்சு' என்று எழுதுதல். வேகம் பிரமாதம். இரண்டாவது வாரம் பதிவு மேஜை அக்கா போன் செய்தார்.

"தம்பி, ஒரே வண்டிய ரெண்டு அபார்ட்மெண்ட்டுக்கு எழுதியிருக்கு. ரெண்டு செக்ரெட்டரியும் லைன்ல இருக்காங்க. நான் யாருக்குன்னு சொல்றது?"

24,000 லிட்டர் லாரி. பார்த்ததற்கும் எழுதியதற்கும் நடுவே இருந்த அந்த நான்கு விநாடியில் இன்னொருவரும் 'காலி' என்று பார்த்துவிட்டார். ஒருவர் சம்ப் நிரம்பியது; இன்னொருவர் மாலை வரை என்னைத் திட்டினார். ரஸ்ட் தடுப்பது டேட்டா ரேஸை, அதாவது இரண்டு பேர் ஒரே நினைவகத்தை ஒழுங்கில்லாமல் தொடுவதை. பார்ப்பதும் எழுதுவதும் ஒரே மூச்சில் நடக்க வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. கம்பைல் ஆகிவிட்டால் பத்திரம் என்று நம்பியிருந்த எனக்கு அது பெரிய அடி.

தீர்வு கணினி அறிவியல்கூட இல்லை. பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுதான். 'காலி', 'ஒதுக்கியது' என்ற இரண்டு நிலைகளுக்கு நடுவே 'பிடித்தது' என்று மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தோம். ஒரே பூட்டுக்குள் காலியா என்று பார்த்து, அங்கேயே 'பிடித்தது' என்று எழுதிவிட்டு வெளியே வருகிறோம். எஸ்எம்எஸ் போனால் உறுதி. போகாவிட்டால் மறுபடி காலி. நடுவில் டாஸ்க்கே செத்துப்போனால் 90 விநாடி கழித்து ஒரு துப்புரவு டாஸ்க் விடுவிக்கும். பூட்டு இருக்கும் நேரம் மைக்ரோவிநாடிக் கணக்கு. இரட்டைப் பதிவு அதற்குப் பிறகு வரவில்லை.

இன்னொரு சம்பவம் இதைவிட எரிச்சலானது. கட்டண விவரத்துக்கு ஆர்டபிள்யூலாக் வைத்திருந்தோம்: பலர் படிக்கலாம், ஒருவர் மட்டும் எழுதலாம். 'இருந்தால் இதைச் செய்' என்னும் 'இஃப் லெட்' வரியிலேயே படிக்கும் பூட்டை எடுத்து, விவரம் இருந்தால் திருப்பிக்கொடு, 'எல்ஸ்', அதாவது இல்லை என்றால் எழுதும் பூட்டை எடுத்துச் சேர் என்று எழுதியிருந்தேன். பார்க்க அப்பாவியான ஐந்து வரி. ஆனால் அந்தப் படிக்கும் பூட்டு எல்ஸ் முடியும்வரை உயிரோடு இருக்கும். தன் பூட்டுக்காகத் தானே காத்திருக்கும் டெட்லாக். எங்கள் மெஷினில் இரண்டு கோர், டோக்கியோவும் கோருக்கு ஒன்று என்று இரண்டு த்ரெட்தான் வைத்திருந்தது. இரண்டும் அங்கே நின்றதும் சர்வர் கல்லாகிவிட்டது. சிபியு பூஜ்யம், லாக்கில் ஒரு வரி கிடையாது. இதைக் கண்டுபிடிக்க ஒரு முழு ஞாயிறு போனது. மதிப்பைத் தனி வரியில் எடுத்து வைத்துக்கொண்டு அப்புறம் இஃப் போட்டால் தீர்ந்தது. 2025 பிப்ரவரியில் ரஸ்ட் 1.85ஓடு வந்த 2024 எடிஷன் என்ற புதிய மொழி விதித்தொகுப்பில், எல்ஸுக்குள் போகும் முன்பே பூட்டு விடுபடும்படி மாற்றிவிட்டார்கள். எடிஷனை நாமாக மாற்றிக்கொள்ள வேண்டும். பல வாய்ப்புகளை ஒப்பிடும் மேட்ச்சில் பழைய வழக்கம்தான், அங்கே இன்னும் ஜாக்கிரதை.

லாரிகளின் இருப்பிடத்தைப் பிறகு தனி மேப்பாகப் பிரித்தோம், அதற்குப் பூட்டே வைக்கவில்லை. ஒரே டாஸ்க் அந்த மேப்பைச் சொந்தமாக வைத்திருக்கிறது, மற்றவர்கள் சேனல் என்ற செய்தி வரிசை வழியாக அதற்குச் சொல்கிறார்கள். சேனலுக்கு அளவு உண்டு. நிரம்பினால் அனுப்புபவர் காத்திருக்க வேண்டும். இருப்பிடத்துக்கு அது அர்த்தமில்லாத காத்திருப்பு என்பதால், இடமில்லாவிட்டால் அந்தத் தகவலைத் தூக்கிப்போட்டுவிடுகிறோம். இரண்டு விநாடிக்கு முன் லாரி எந்த சிக்னலில் நின்றது என்று யாருக்கு வேண்டும்? எண்ணிக்கைகளுக்குப் பூட்டில்லாமலே பத்திரமாகக் கூட்டும் அட்டாமிக். இதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, வேலை செய்கிறது.

ஆக்ஸம் பற்றி ஒரு வார்த்தை. ஆரம்பத்தில் பகிரும் தரவை எக்ஸ்டென்ஷனாகக் கொடுத்தோம்; கோர்க்க மறந்தால் ஓடும்போதுதான் 500 என்ற சர்வர் பிழையோடு பல்லிளிக்கும். 0.6 பதிப்பில் அதே வேலைக்கு ஸ்டேட் வந்தது, மறந்தால் கம்பைல் ஆகாது. பழைய பதிப்பில் இருப்பவர்கள் இதற்காகவாவது மாறலாம். பிழைச் செய்திகள் மட்டும் இன்னும் ஒரு முழம் நீளம்.

இதெல்லாம் ஒரே மெஷின் இருக்கும்வரைதான். இந்தக் கோடையில் இரண்டாவது மெஷின் வைத்ததும் மியூட்டெக்ஸால் ஒரு பயனும் இல்லை, அதன் கை அடுத்த மெஷினுக்கு எட்டாது. 'காலி என்றிருந்தால் மட்டும் பிடித்தது என்று மாற்று' என்று போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஒரே அப்டேட் கட்டளை. எத்தனை வரி மாறியது என்று பார்க்கிறோம்; பூஜ்யம் என்றால் வேறு யாரோ முந்திவிட்டார்கள். இத்தனை சண்டை போட்டு வைத்த பூட்டைப் போன மாதம் நானே நீக்கினேன். அக்காவுக்கு இது எதுவும் தெரியாது. அவர் திரையில் 'பிடித்தது' என்று மஞ்சளாக வருவது மட்டும் அப்படியே இருக்கிறது.