நைன் பாலா, டென் பாலா? பார்க்க வைப்பது எந்த விதி?

பாக்கெட் பில்லியர்ட்ஸில் தொழில்முறைப் போட்டி நடத்துகிறவர்களுக்கு ரொம்ப நாளாக ஒரே தலைவலி. மேல்மட்ட வீரர்கள் அந்த அளவுக்குத் திறமைசாலிகள். பிரேக்கில், அதாவது அடுக்கிய பந்துகளைச் சிதறடிக்கும் முதல் அடியில், ஒரு பந்து விழுந்து, ஒன்றாம் நம்பர் பந்தும் அடிக்கத் தோதாக நின்றுவிட்டால் போதும், மீதி எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டு முடித்துவிட்டு அடுத்த ரேக்குக்கு, அதாவது பந்துகளைத் திரும்ப அடுக்கி ஆடும் அடுத்த சுற்றுக்கு, போய்விடுவார்கள். எதிராளி நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அதனால் விதிகளைத் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள். எதைத் திருத்துவது என்பதில்தான் ஆளுக்கொரு கட்சி.

எனக்கு ஒரே அளவுகோல்தான். இந்த ஆட்டத்தைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவர் பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தால், யார் இப்போது சிக்கலில் மாட்டியிருக்கிறார் என்பது மேஜையைப் பார்த்தே அவருக்குப் புரிய வேண்டும். வர்ணனையாளர் விளக்கிச் சொன்னால்தான் புரியும் என்றால், விதி எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும் பார்வையாளர் தங்க மாட்டார்.

முதலில் நைன் பாலையும் டென் பாலையும் எடுத்துக்கொள்வோம். ஒன்று ஒன்பது பந்தில் ஆடுவது, மற்றது பத்துப் பந்தில் ஆடுவது. இரண்டிலும் மேஜையில் இருப்பதிலேயே சின்ன எண்ணைத்தான் வெள்ளைப் பந்தால் முதலில் தொட வேண்டும். நைன் பாலில் எந்தப் பந்தை எந்தக் குழியில் போடப்போகிறோம் என்று சொல்லத் தேவையில்லை. குருட்டாம்போக்கில் விழுந்தாலும் கணக்குதான், ஒன்பது விழுந்தால் ரேக் உங்களுடையது. டென் பாலில் சொல்லித்தான் அடிக்க வேண்டும். சொன்ன பந்து சொன்ன குழியில் விழாமல் வேறெதாவது விழுந்தால் முறை போய்விடும். அதோடு முடியாது, வருகிற ஆள் விரும்பினால் அப்படியே ஆடலாம், பிடிக்கவில்லை என்றால் "நீயே ஆடு" என்று திருப்பிக் கொடுக்கலாம். பிரேக்கில் பத்து விழுந்தாலும் வெற்றி இல்லை, எடுத்துத் திரும்ப மேஜையில் வைத்துவிடுவார்கள்.

வீரர்களைக் கேட்டால் பெரும்பாலும் டென் பாலுக்குத்தான் ஓட்டுப் போடுவார்கள். நியாயம்தான், அதில் அதிர்ஷ்டம் குறைவு. ஆனால் பார்க்கிறவர் பக்கமிருந்து யோசித்துப் பாருங்கள். ஒரு பந்து மேஜையின் ரப்பர் ஓரத்தில், அதாவது குஷனில், மூன்று முறை மோதிச் சுற்றி எதிர்பாராத குழிக்குள் விழுகிறது, கூட்டம் கத்துகிறது, நாற்காலியில் இருந்தவர் எழுந்து வந்து, அடித்தவரிடமே திருப்பிக் கொடுக்கலாமா வேண்டாமா என்று பேச்சு நடக்கிறது. கத்தின கத்தல் பாதியிலேயே அடங்கிவிடும். நைன் பாலில் அதே பந்து விழுந்தால் ஆட்டம் அந்த நொடியிலேயே தலைகீழாகிறது. எதிராளிக்கு அநியாயம், சரி, ஆனால் அந்த அநியாயம் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. தொலைக்காட்சிக்காக நடத்தும் போட்டிகளை, போட்டி நடத்தும் நிறுவனமான மாட்ச்ரூம் இன்னமும் நைன் பாலில் வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

பிரேக்கில் ஒன்பது விழுந்து ரேக் முடிவதை மட்டும் என்னால் ரசிக்க முடியவில்லை. இறுதிப் போட்டியில், இருவருக்கும் இன்னும் ஒரே ரேக் தேவை என்ற கட்டத்தில் அப்படி நடந்தால் யாருக்கும் திருப்தி இருக்காது. அந்த ஒரு விஷயத்தில் டென் பால் சொல்வதுதான் சரி, அதை நைன் பாலுக்கும் தாராளமாகக் கொண்டுவரலாம்.

நைன் பாலின் உண்மையான நோய் பிரேக்தான். ரேக்கின், அதாவது பந்து அடுக்கின், முன்முனையில் இருக்கும் ஒன்றாம் பந்தை மேஜையில் குறித்திருக்கும் புள்ளியில் வைத்து, மெல்லிய பிளாஸ்டிக் டெம்ப்ளேட்டில் பந்துகளைச் சாய்சதுரமாக இடைவெளியே இல்லாமல் அடுக்கிவிட்டால், அதன் ஓரத்தில் இருக்கும் பந்து கிட்டத்தட்டத் தண்டவாளத்தில் போவதுபோல மூலைக் குழிக்குப் போய்விடும். பலமாக அடிக்கக்கூடத் தேவையில்லை, மிதமாகத் தட்டினால் போதும், வெள்ளைப் பந்தும் நடுவிலேயே நிற்கும். இதைப் பழகிவிட்டவர்களை யாரால் நிறுத்த முடியும்? அதற்கு மாட்ச்ரூம் கண்ட மருந்து எளிமையானது. ஒன்றுக்குப் பதிலாக ஒன்பதை அந்தப் புள்ளியில் வை. ஒன்பது ரேக்கின் நடுவில் இருப்பதால் மொத்த அடுக்கும் சுமார் 10 சென்டிமீட்டர் முன்னால் நகர்கிறது. அந்த ஓரப் பந்து இப்போது குழிக்கு முன்னாலேயே குஷனில் முட்டித் திரும்புகிறது. பார்க்கிறவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது, புதிதாக எதையும் கற்றுக்கொள்ளவும் வேண்டாம், ஆனால் ஆட்டம் திரும்ப ஆட்டமாகிவிடுகிறது. வீரர்களும் சும்மா இருக்கவில்லை, ஒன்றாம் பந்தைச் சாய்வாக வெட்டி நடுக் குழியில் போடப் பழகிக்கொண்டார்கள். அதற்குப் பதிலடியாக, பிரேக் அடிக்கும்போது வெள்ளைப் பந்தை வைக்கும் கட்டத்தைக் குறுக்கினார்கள். குழிகளையும் குறுக்கினார்கள். விதி வகுப்பவரும் வீரரும் இப்படி மாறி மாறித் துரத்திக்கொண்டிருப்பது ஆரோக்கியமான விஷயம் என்றே சொல்வேன்.

டென் பாலுக்கு இந்த நோய் கிடையாது. பத்துப் பந்தும் முக்கோணமாக அடுக்கப்படுவதால், நிச்சயம் விழும் என்று நம்பக்கூடிய பந்து எதுவும் இல்லை. பிரேக் விஷயத்தில் அது நைன் பாலை விட நல்ல ஆட்டம். சொல்லி அடிக்கும் விதியை எடுத்துவிட்டு டென் பால் நடத்தினால் எப்படி இருக்கும் என்று அடிக்கடி யோசிப்பேன்.

அப்புறம், இதையெல்லாம் விடப் பெரிய முடிவு ஒன்று இருக்கிறது: அடுத்த பிரேக் யாருக்கு? ஜெயித்தவருக்கே கொடுப்பதா, மாறி மாறிக் கொடுப்பதா?

1996ல் டல்லாஸில் அமெரிக்க வீரர் எர்ல் ஸ்ட்ரிக்லண்ட் தொடர்ச்சியாக 10 ரேக்குகளை, எதிராளிக்கு ஒரு வாய்ப்பும் தராமல் முடித்தார். அந்தச் சாதனைக்கு ஒரு மில்லியன் டாலர் பரிசு அறிவித்திருந்தார்கள். மாறி மாறி பிரேக் என்றால் அப்படி ஒன்று நடக்கவே முடியாது. ஜெயித்தவருக்கே பிரேக் என்னும்போது முன்னணி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பத்திரமில்லை. 4-10 என்று பின்தங்கியவர் ஒரே மூச்சில் ஆறு ரேக் எடுத்துச் சமன் செய்ய முடியும், அப்படி நடக்கும்போது அரங்கத்தில் ஒருவரும் எழுந்து போக மாட்டார். ஆபத்தும் அதிலேயேதான் இருக்கிறது. சில நாள் ஒருவர் அரைமணி நேரம் மேஜைக்கே வராமல் தோற்றுப்போவார், அவரைப் பார்க்கவென்றே வந்த ரசிகருக்கு ஏமாற்றம்.

மாறி மாறி பிரேக் நியாயமானது, ஸ்கோரும் நெருக்கமாக ஓடும். 1994ல் தொடங்கிய மாஸ்கோனி கோப்பையில், ஐரோப்பாவும் அமெரிக்காவும் மோதும் இடத்தில், இதுதான் பொருந்துகிறது. முதலில் ஐந்து ரேக் எடுப்பவருக்கே ஆட்டம், பின்னால் சக வீரர்களும் ஊதுகுழல் சத்தமும் இருக்கும்போது இருவருக்கும் வாய்ப்பு கிடைத்தே ஆக வேண்டும். ஆனால் நீண்ட ஆட்டத்துக்கு இதை வைத்தால், அவரவர் பிரேக்கை அவரவர் எடுத்துக்கொண்டு மெதுவாக ஏறும் ஸ்கோராகிவிடும். ஜெயிக்க 13 அல்லது 15 ரேக் எடுக்க வேண்டிய இறுதிப் போட்டிக்கு ஜெயித்தவருக்கே பிரேக் என்பதுதான் என் கட்சி, ஆனால் பிரேக் கடினமாக இருக்க வேண்டும். ஒன்றாம் பந்து புள்ளியில், டெம்ப்ளேட்டும் உண்டு, ஜெயித்தவருக்கே பிரேக் என்றால் அது தண்டனை.

பில்லியர்ட்ஸ் கோல் செய்யும் பிரிடேட்டர் நிறுவனம் நடத்தும் தொடர் வேறு வழியில் போனது. முதலில் நான்கு ரேக் எடுப்பவருக்கு ஒரு செட் என்று டென் பாலைப் பிரித்து, ஆளுக்கொரு செட் ஆனால் ஷூட் அவுட். புள்ளியில் ஒரு பந்து, தூரத்தில் வெள்ளைப் பந்து, மாறி மாறி அடிக்க வேண்டும், தவறினால் போச்சு. கால்பந்து பெனால்டி மாதிரி யாருக்கும் உடனே புரியும், கை நடுங்குவது கேமராவில் தெரியும். ஆனால் ஒன்றே முக்கால் மணி நேரம் சேஃப்டியும் (எதிராளிக்கு நல்ல அடி கிடைக்காதபடி வெள்ளைப் பந்தை நிறுத்துவது) தந்திரமுமாக ஆடியதை நாலைந்து அடியில் முடிப்பது எனக்கு ஒப்பவில்லை. முதல் சுற்றுகளில், மேஜைகள் நிரம்பி நேரம் நெருக்கும்போது வைத்துக்கொள்ளட்டும்.

நேரக் கட்டுப்பாட்டைப் பற்றிச் சண்டையே வேண்டாம். ஒரு அடிக்கு 30 விநாடி, ரேக்குக்கு ஒருமுறை கூடுதல் நேரம். இது இல்லாமல் நேரலை நடத்தவே கூடாது.

எந்தப் பந்தையும் எந்த வரிசையிலும் சொல்லிப் போட்டு, தவறும்வரை ஆடிக்கொண்டே போகும் ஸ்ட்ரெய்ட் பூலை விரும்புகிறவர்கள் கோபிப்பார்கள், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். 1954ல் ஒஹையோவின் ஸ்பிரிங்ஃபீல்டில் அமெரிக்க வீரர் வில்லி மாஸ்கோனி தவறாமல் 526 பந்து போட்டார். அதை விட நுட்பமான ஆட்டம் இந்த மேஜையில் கிடையாது, ஆனால் 300வது பந்துக்கும் 301வது பந்துக்கும் நடுவில் என்ன ஆபத்து இருக்கிறது என்று புதிதாகப் பார்க்கிறவரால் கண்டுபிடிக்க முடியாது.

இன்னொரு பழைய விதியையும் யாராவது திரும்பச் சோதித்துப் பார்க்கலாம். நைன் பாலில் முன்பு எப்போது வேண்டுமானாலும் புஷ் அவுட் செய்யலாம், அதாவது எந்தப் பந்தையும் தொடாமலேயே வெள்ளைப் பந்தை வேண்டிய இடத்துக்குத் தள்ளிவிடலாம், தொடர்ந்து இரண்டு ஃபவுல் ஆனால்தான் எதிராளி வெள்ளைப் பந்தைக் கையில் எடுத்து வைத்துக்கொள்ள முடியும். இப்போது பிரேக் முடிந்த உடனே ஒரு முறை மட்டும் புஷ் அவுட், ஒரே ஃபவுலுக்கு வெள்ளைப் பந்து எதிராளி கையில். வேகத்துக்காகச் செய்த மாற்றம், பலனும் கிடைத்தது. இன்னொரு லாபமும் அதில் இருக்கிறது: ஒளிந்திருக்கும் பந்தை எப்படியாவது தொட்டே ஆக வேண்டிய கட்டாயம். 1995ல் ரீனோவில் ஸ்ட்ரிக்லண்டுக்கு எதிராக பிலிப்பைன்ஸ் வீரர் எஃப்ரென் ரெயஸ் குஷன்களில் இசட் போல வெள்ளைப் பந்தை ஓட்டி, மறைந்திருந்த பந்தைத் தொட்டதோடு குழியிலும் போட்டது அந்தக் கட்டாயத்தில் பிறந்த அடிதான். பழைய விதியை ஒரு காட்சிப் போட்டியில் வைத்துப் பார்க்கட்டும், முக்கியப் போட்டிகளில் வேண்டவே வேண்டாம்.