மலை ஏறிக் கடல் தொட்டுத் திரும்ப: மதுரையிலிருந்து எந்தச் சுற்று கட்டுப்படியாகும்?

மலையும் கடலும் ஒரே பயணத்தில் வேண்டும், காரில் நாலு பேர், கையில் காசு அளவாக இருக்கிறது என்றால் மதுரைக்காரர்கள் வாயில் வருவது மூன்று சுற்றுகள். கொடைக்கானல் போய்வந்து, மறுநாள் ராமேஸ்வரம், தனுஷ்கோடி என்பது முதலாவது. தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம், வர்கலா, கன்னியாகுமரி என்பது இரண்டாவது. போடிமெட்டு ஏறி மூணாறு, கொச்சி, ஆலப்புழை, கோட்டயம் பார்த்துக் குமுளி வழியாக இறங்குவது மூன்றாவது.

கிலோமீட்டரைக் கூட்டிப் பாருங்கள்: ஏறத்தாழ 630, 670, 635. மூன்றும் ஒரே தூரம்தான். பெட்ரோல் கார் என்றால் முதல் இரண்டுக்கும் 40 லிட்டர் போதும். மலையிலேயே பாதி ஓடும் மூன்றாவதற்கு 48, 50 லிட்டர் கேட்கும். வித்தியாசம் ஏறத்தாழ ஆயிரம் ரூபாய்தான். அதனால் எரிபொருள் செலவை நினைத்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். பட்ஜெட்டைத் தீர்மானிப்பது எத்தனை ராத்திரி, எந்த ஊரில் தங்குகிறோம் என்பதுதான்.

அந்தக் கணக்கில் பார்த்தால் கொடைக்கானல்–தனுஷ்கோடிதான் மலிவு. நடுவில் மதுரை வருவதால் ராத்திரி நம் வீட்டுக் கட்டிலிலேயே படுக்கலாம். அறை வாடகையே கிடையாது. விடிகாலை நாலரைக்குக் கிளம்பி வத்தலக்குண்டு வழியாக ஏறினால் எட்டு மணிக்கெல்லாம் மேலே. ஒன்பதைத் தாண்டினால் வெள்ளி நீர்வீழ்ச்சியிலிருந்து மூஞ்சிக்கல் வரை நிற்க வேண்டிவரும், சனி ஞாயிறு சொல்லவே வேண்டாம். 2024 மே முதல் இ-பாஸ் கட்டாயம். சீசனில் வண்டி எண்ணிக்கைக்கு உச்சவரம்பும் உண்டு என்பதால் சோதனைச் சாவடியில் நின்று போனைத் தடவாமல் முன்பே எடுத்துவிடுங்கள். ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் மேலே தடை. வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டில் போதும். பெரியகுளத்திலிருந்து அடுக்கம் வழியாக ஏறும் சாலை வரைபடத்தில் குறுக்குவழி போலத் தெரியும். அது ஒடுக்கமான பாதை, மழைக்கு மண் சரியும். புது ஓட்டுநர் அந்தப் பக்கம் போகவே கூடாது.

மறுநாள் தனுஷ்கோடி. அரிச்சல்முனை வரை தார்ச்சாலை 2017இல் திறந்ததிலிருந்து ஜீப்புக்குக் காசு கொடுக்கும் வேலை இல்லை. ஆனால் போகும்போது காலை வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும், திரும்பும்போது மாலை வெயில் அதே போல. விடிகாலை நாலு மணிக்கே கிளம்பிவிட்டால் முதல் தொல்லை பாதி தீரும். பொழுது சாய்வதற்குள் முனையிலிருந்து வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதால் பகலிலேயே அங்கே போய்விடுங்கள். பெண் கடல் (அலை குறைந்த வங்கக் கடல் பக்கத்துக்கு அந்த ஊர்ப் பெயர்) அமைதியாகத் தெரிகிறதே என்று முனையில் இறங்கிக் குளிக்க வேண்டாம்; இழுப்பு பலம். ஆடி, புரட்டாசி, தை அமாவாசைகளில் இந்த வழியை மறந்துவிடுங்கள். வீடு வந்ததும் வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் உப்புக்காற்று சைலன்சரைத் தின்னும்.

இதன் குறை ஒன்றுதான். இரண்டு நாளும் ஒரே ஆள் ஓட்டினால் மொத்தம் பதினைந்து மணி நேரத்துக்குக் குறையாமல் ஸ்டியரிங் பிடிக்க வேண்டும். மாற்றி ஓட்ட ஆள் இல்லாத குடும்பத்துக்கு இது சிக்கனமல்ல, ஆபத்து.

கொடுத்த காசுக்கு நிறையப் பார்ப்பது செங்கோட்டைச் சுற்றில்தான். ஆரியங்காவு கணவாய் தாழ்வானது. கொடைக்கானல் போல ஏழாயிரம் அடி ஏற வேண்டியதில்லை. மலையின் பச்சை முழுதும் கிடைக்கும், மலையில் அறை எடுக்கும் செலவு கிடையாது. ஐந்து மணிக்குக் கிளம்பினால் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் தாண்டித் தென்காசியில் காலைச் சாப்பாடு. (பிரானூர் பார்டர் பரோட்டாவுக்கு அது நேரமல்ல, அதற்காகவே எதிர்த்திசையில் சுற்றுகிறவர்களும் உண்டு.) கேரளாவில் பெட்ரோல் விலை கூடுதல், செங்கோட்டையிலேயே டேங்கை நிரப்புங்கள். புளியரை எஸ் வளைவில் சரக்கு லாரிகள் திணறி நிற்கும். அங்கே முந்தப் பார்க்க வேண்டாம். ஆரியங்காவு தாண்டி, தென்மலைக்கு முன் கழுதுருட்டியில் 1904இல் ரயில் ஓடத் தொடங்கிய பதிமூன்று கண் பாலம் சாலையோரமே நிற்கிறது, கட்டணமில்லை. ஒன்றிரண்டு பேர்தான் என்றால் காரே வேண்டாம். இதே கணவாயைக் கடந்து போகும் மதுரை–குருவாயூர் ரயிலில் கொல்லம் வரை போய்விடலாம்.

மாலை நாலு, ஐந்துக்குள் வர்கலா. கடலோரக் குன்றின் விளிம்பில் இருக்கும் விடுதிகள் டிசம்பர், ஜனவரியில் விலை எகிறும். ரயில் நிலையப் பக்கம் அறை எடுத்துக்கொண்டு அஸ்தமனத்துக்கு மட்டும் குன்றுக்குப் போனால் போதும். மறுநாள் திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி 90 கிலோமீட்டர்தானே என்று நினைத்தால் ஏமாறுவீர்கள். நெய்யாற்றின்கரை, களியக்காவிளை, மார்த்தாண்டம் என்று ஊர் விட்டு ஊர் ஒட்டிக்கொண்டே வரும்; மூன்று மணி நேரம் வையுங்கள். வழியில் தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனை, திங்கட்கிழமை விடுமுறை. ராத்திரிக்கு நாகர்கோவிலில் தங்கி, விடிய முன் 20 கிலோமீட்டர் ஓட்டிச் சூரியோதயம் பார்ப்பது மிச்சம். திரும்பும் நான்குவழிச் சாலையில் நாங்குநேரி, சாலைப்புதூர், எட்டூர்வட்டம், கப்பலூர் என்று நான்கு சுங்கச்சாவடி. ஃபாஸ்டேகில் காசு இல்லாமல் ரொக்கம் நீட்டினால் இரட்டிப்பு. பைக்குக்குச் சுங்கம் இல்லை. ஆனால் ஆனி, ஆடியில் காவல்கிணறு, பணகுடி பக்கம் குறுக்குக்காற்று வண்டியை லேன் மாற்றித் தள்ளும்.

மூணாறு சுற்று மூன்றிலும் அழகு, மூன்றிலும் செலவு. மூன்று ராத்திரி இல்லாமல் முடியாது. மூணாற்று வாடகையைத் தவிர்க்கப் போடியில் படுத்து விடியலில் ஏறலாம், அப்போதும் கொச்சியும் ஆலப்புழையும் பாக்கி. படகுவீட்டுக்குப் பதில் ஆலப்புழை–கோட்டயம் அரசுப் படகில் போனால் அதே காயல்தான், பஸ் டிக்கெட் காசுதான். பிப்ரவரி, மார்ச்சில் வரையாடு குட்டி போடும் காலம் என்று மூணாற்றுப் பக்கத்து இரவிகுளம் தேசியப் பூங்காவை மூடிவிடுவார்கள். தென்மேற்குப் பருவமழையில் தேவிகுளம் கேப் ரோட்டில் மண் சரிந்து வழி அடைபடும். கார்த்திகை, மார்கழியில் குமுளிப் பாதை முழுக்க ஐயப்பமார் வண்டிகள்.

போடிமெட்டோ கொடைக்கானலோ, இறங்கும்போது ஏறிய கியரிலேயே, இரண்டாவதிலோ முதலாவதிலோ இறங்குங்கள். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டால் பாரம் முழுதும் பிரேக்கில் விழும். சூட்டில் பிரேக் ஆயில் கொதித்து மிதி பஞ்சு மாதிரி உள்ளே போகும். கருகல் வாடை வந்தால் ஓரம் கட்டி அரைமணி ஆறவிடுங்கள், சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் கோணிப்போகும். ஏறும் வண்டிக்கே முதல் வழி.

வாடகைக் கார் எடுப்பவர்கள் வெள்ளை போர்டு வண்டியைத் தெரிந்தவரிடம் மலிவாக வாங்கிப் போக வேண்டாம். விபத்து என்றால் காப்பீட்டுக்காரர் கைவிரிப்பார். மஞ்சள் போர்டு என்றால் கேரளாவுக்கு பர்மிட், வரி யார் கட்டுவது என்பதைக் கிளம்பும் முன் ஓட்டுநரிடம் பேசி முடியுங்கள். முதல் சுற்றுக்கு இந்தத் தலைவலியே இல்லை.