கல்யாண மண்டபத்துக்குள்ள விண்வெளி: நாய் போச்சு, ஆமை போச்சு, கடைசில கரண்ட்டும் போச்சு

மன்னார்குடில ஒரு கல்யாண மண்டபத்துல பெரிய பலூன் மாதிரி ஒரு கூடாரத்த ஊதி நிறுத்தி உள்ள படம் காட்டுறாங்க. கோளரங்கமாம், வேன்ல மடிச்சு வச்சு ஊர் ஊரா எடுத்துட்டு வர்றாங்க. கம்பெனி பேரு வேணாம், உங்க ஊருக்கு வந்தா நீங்களே கண்டுபுடிச்சிருவீங்க, ராக்கெட் ஜன்னல்ல தலைய நீட்டிக்கிட்டு ஒரு நாய் நிக்கிற பேனர் கட்டியிருப்பாங்க. விண்வெளிக்குப் போன விலங்குகள் பத்தின ஷோ. பெரியவங்களுக்கு 120, புள்ளைங்களுக்கு 80. அண்ணன் மக அஞ்சாவது முடிச்சிருக்கா, அவ தம்பி ரெண்டாவது, ரெண்டும் லீவுக்கு எங்க வீட்லதான் கெடக்குதுங்க, மேட்டூர் தொறக்க இன்னும் நாளு இருக்கு, பாமணியாத்துல சொட்டுத் தண்ணி கெடையாது, ஆத்துக்குப் போலாம்னு சொல்லிகூட பொழுத ஓட்ட முடியல, சரி கெளம்புங்கன்னு ஆட்டோவ புடிச்சேன். நானும் வர்றேன்னு எங்க அம்மாவும் ஏறிட்டாங்க, புள்ளைங்களுக்கு அப்பாயி.

5க்கு 3 ஸ்டார். ஏன் மூணுன்னு சொல்றேன்.

மொதல்ல முட்டிவலி உள்ளவங்களுக்கு: வாசல்னு ஒரு ஜிப்பு வச்ச ஓட்டைதான், குனிஞ்சு, ஏறக்குறைய தவழ்ந்துதான் போவணும். எங்க அம்மா அத பார்த்துட்டு "என்னாடா இது கோழிக் கூண்டு மாதிரி இருக்கு"ன்னு அங்கயே நின்னுட்டாங்க. வேலை பாக்குற தம்பி நல்ல புள்ள, கையப் புடிச்சு உள்ள கூட்டிட்டுப் போயி ஒரு பிளாஸ்டிக் சேர் போட்டுக் குடுத்துச்சு. மத்தவங்களுக்கு ஜமுக்காளம், மல்லாக்கப் படுத்துட்டே பாக்கலாம். கூடாரம் நிக்கணும்னா காத்து ஊதுற மெஷின் ஓடிக்கிட்டே இருக்கணும், அந்தச் சத்தம் நெல்லு அறவை மில்லுல உக்காந்திருக்கிற மாதிரி இருக்கு, ஆனா படம் ஆரம்பிச்ச ரெண்டாவது நிமிஷம் அது காதுலயே வுழல, அவ்ளோ நல்லா இருக்கு படம்.

குறிப்பா அந்த ஆமை சீன். 1968 செப்டம்பர்ல சோவியத்காரங்க சோண்ட் 5ன்னு ஒரு கலத்துல ரெண்டு ஆமைய வச்சு நெலாவ ஒரு சுத்து சுத்த விட்டு திரும்பக் கொண்டு வந்தாங்க. அப்பல்லோ 8ல மனுஷன் நெலாவுக்குப் போனது அதுக்கப்புறம் டிசம்பர்லதான், அதுக்குள்ள ஆமை முந்திக்கிட்டுது. முயல்-ஆமை கதைய நம்ம ஊர்ல தலைமுறை தலைமுறையா சொல்றோம், இதுல நெஜமாவே ஜெயிச்சிருக்கு பாருங்க. தலைக்கு மேல முழு நெலாவும் மெதுவா உருண்டு வருது, பள்ளம் மேடெல்லாம் கைநீட்டுனா தொடலாம் போல, சின்னவன் நெஜமாவே கைய நீட்டிட்டான். திரும்பி வந்து வுழுந்தது இந்தியப் பெருங்கடல்ல, அதாவது நம்ம பக்கத்துக் கடல்ல, ஒடம்பு எடை ஒரு பத்து சதம் கொறைஞ்சிருந்துதாம், மத்தபடி நல்லா தீனி தின்னுதாம். இந்த ஒரு சீனுக்கே டிக்கெட் காசு சரியாப் போச்சு.

இப்ப குறைக்கு வர்றேன். ஆரம்பத்துலயே "விண்வெளிக்குப் போன முதல் உயிர் லைக்கா"ன்னு கணீர்னு ஒரு குரல் சொல்லுது. தப்பு. பூமிய சுத்தி வந்த முதல் மிருகம் லைக்கா, அது வேற. விண்வெளிய மொதல்ல தொட்ட பிராணி பழ ஈ, நம்ம வீட்ல வாழத்தாரு பழுத்தா மொய்க்குமே பொடிசா, அதேதான். 1947 பிப்ரவரில அமெரிக்காக்காரங்க ஜெர்மன்காரன்கிட்டேர்ந்து கைப்பத்துன வி-2 ராக்கெட்டுல வச்சு 109 கிலோமீட்டர் ஒசரத்துக்கு அனுப்புனாங்க, பாராசூட்ல உசுரோட எறங்கிருச்சுங்க. ரெண்டு வருஷம் கழிச்சு ஆல்பர்ட் 2ன்னு ஒரு குரங்கு 134 கிலோமீட்டர் போச்சு, திரும்பும்போது பாராசூட் விரியாம செத்துருச்சு. ஈய காட்டுனா டிக்கெட் விக்காதுன்னு நெனைச்சிருப்பாங்க, ஆனா ஏங்க, வாழத்தாரு ஈ ராக்கெட்ல போச்சுன்னா எங்க ஊரு புள்ளைங்க வுழுந்து வுழுந்து கேக்கும்.

அடுத்து ஹாம்ங்கிற சிம்பன்சி. 1961 ஜனவரி 31, மொத்தம் 16 நிமிஷ பயணம், வெளக்கு எரிஞ்சா லீவர அழுத்தணும், சரியா அழுத்துனா வாழப்பழ வில்லை, தப்புனா காலுல ஷாக். போறப்ப அதுக்கு நம்பர் 65தான், ஹாம்ங்கிற பேரே உசுரோட திரும்புனதுக்கு அப்புறம்தான் வெளில வந்துச்சு, பேரு வச்ச குரங்கு செத்தா ஊரு ஏசும்ல. இதெல்லாம் ஷோல கெடையாது. அது பல்லத் தொறந்து இளிக்கிற போட்டோவ பெருசா போட்டு "சிரித்த முகத்துடன் திரும்பிய வீரன்"னு சொல்லிட்டாங்க. எங்க அம்மா சேர்ல உக்காந்தபடியே "சிரிக்கலடா அது, பயந்து போயி பல்லக் காட்டுது"ன்னாங்க. கோவில்ல குரங்குகள பார்த்தே வளந்தவங்க, அவங்களுக்குத் தெரியாததா. அதுதான் சரியும்கூட, சிம்பன்சி அப்பிடி ரெண்டு வரிசைப் பல்லும் தெரிய இளிச்சா அது பயம். ஸ்கிரிப்ட் எழுதுனவங்க ஒரு தடவ எங்க அம்மாகிட்ட காட்டியிருக்கலாம்.

பெல்கா, ஸ்ட்ரெல்கா கதை அருமை, அதுல குறையே இல்ல. 1960 ஆகஸ்ட்ல ஒரு நாள் முழுக்க பூமிய சுத்திட்டு உசுரோட எறங்குன ரெண்டு பொட்ட நாய், கூடவே முயலு, எலியெல்லாம். அப்புறம் ஸ்ட்ரெல்கா ஆறு குட்டி போட்டுச்சு, அதுல புஷிங்காங்கிற குட்டிய சோவியத் தலைவரு குருஷேவ் அமெரிக்க அதிபர் கென்னடி வீட்டுக்கு அனுப்பி வச்சாரு. பனிப்போருன்னா இப்பிடித்தான் இருந்திருக்கு, ஒருபக்கம் அணுகுண்டு ஒருபக்கம் நாய்க்குட்டி.

லைக்காவுக்கு வருவோம். மாஸ்கோ தெருவுல திரிஞ்ச நாய், குளுரும் பசியும் பழகுன ஒடம்பு தாங்கும்னுதான் தெரு நாயா பார்த்துப் புடிச்சாங்க. 1957 நவம்பர் 3, ஸ்புட்னிக் 2ங்கிற சோவியத் கலத்துல போச்சு. இதுவரைக்கும் ஷோ சரியா சொல்லுது. அதுக்கப்புறம் "பல நாட்கள் பூமியைச் சுற்றிப் பார்த்துவிட்டு லைக்கா நிம்மதியாக உறங்கிப் போனாள்"னு புல்லாங்குழல் வாசிச்சாங்க பாருங்க, அந்த எடத்துலதான் கரண்ட் போச்சு.

கரண்ட் போனா ஊதுற மெஷினும் நிக்கும்ல, கூடாரம் மெதுவா தலைமேல எறங்குது. புள்ளைங்களுக்கு கொண்டாட்டம், ஒரே கூச்சல், பெரியவங்களுக்குத்தான் வயித்தக் கலக்குது, மே மாசப் புழுக்கத்துல துணி வந்து மூஞ்சில ஒட்டுனா எப்பிடி இருக்கும். அந்தத் தம்பி டக்குனு ஜிப்ப தொறந்து மொதல்ல எங்க அம்மாவ வெளில கொண்டு வந்துச்சு, அத சொல்லியே ஆவணும். ஆனா ஜெனரேட்டர் இல்லாம இந்தத் தொழிலுக்கு எதுக்கு வர்றீங்க, மண்டபத்து ஜெனரேட்டருக்கு தனிக் காசாம், அத மிச்சம் புடிச்சிருக்காங்க. ரெண்டு ஸ்டார் கொறைச்சதுல ஒண்ணு இதுக்கு.

வாசல்ல பன்னீர் சோடா வாங்கிக் குடுத்துட்டு நிக்கிறப்ப பாப்பா கேட்டா, "சித்தப்பா, லைக்கா எங்க எறங்குச்சு?" எறங்கலம்மா, எறக்குறதுக்கு ஏற்பாடே பண்ணலன்னேன். ரஷ்யாவோட அக்டோபர் புரட்சி நாப்பதாவது வருஷ விழாவுக்குள்ள வுடணும்னு குருஷேவ் அவசரப்படுத்துனதுல நாலு வாரத்துக்குள்ள செஞ்ச கலம் அது, திரும்பி வர்ற வழி அப்ப யாருகிட்டயும் இல்ல. ராக்கெட்டோட ஒரு பகுதி கழண்டு வுழாம ஒட்டிக்கிட்டே போச்சு, சூட்டக் கொறைக்கிற அமைப்பு வேலை செய்யல, உள்ள 40 டிகிரிய தாண்டிருச்சு, சில மணி நேரத்துலயே செத்துருச்சு. பல நாள் இருந்துச்சுன்னு உலகத்தயே நம்ப வச்சிருந்தாங்க, 2002லதான் மலாஷென்கோவ்னு அவங்க விஞ்ஞானி ஒருத்தரே வெளில சொன்னாரு. கெளம்புறதுக்கு முன்னாடி யஸ்டோவ்ஸ்கிங்கிற டாக்டர் அத தன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி தன் புள்ளைங்களோட வெளையாட வுட்டாராம், அதயும் சொன்னேன்.

"சூடுன்னா, இப்ப உள்ள இருந்துச்சே, அந்த மாதிரியா?"

இதவிடம்மான்னேன். அவ அழுவல. சோடாவ பாதில வச்சுட்டு கொஞ்ச நேரம் பேசாம நின்னா, அவ்ளோதான்.

அந்தத் தம்பிகிட்ட போயி ஏம்பா தப்பா சொல்றீங்கன்னு கேட்டதுக்கு "சின்னப் புள்ளைங்க அழுவும்ணே, அதான் ஆபீஸ்ல மாத்தி எழுதிட்டாங்க"ன்னுச்சு. அது பாவம், அது எழுதுனது இல்ல. ஆனா இவ போன வருஷம் தான் வளத்த ஆட்டுக்குட்டி கழிச்சல்ல போனப்ப கொல்லையில தானே குழி தோண்ட மம்பட்டி எடுத்துக் குடுத்த புள்ள. பண்ணையில இருக்கிற எந்தப் புள்ளைக்கும் சாவு புதுசு இல்ல, பொய்யச் சொல்லி புல்லாங்குழல் வாசிக்கிறதுதான் புதுசு. லைக்காவோட வேலை பார்த்த ஒலெக் கசென்கோவே 1998ல, நாள் ஆக ஆக வருத்தமா இருக்கு, அந்த நாயோட சாவுக்கு ஈடா நாம ஒண்ணும் கத்துக்கலன்னு சொல்லிட்டாரு. அவரே சொன்னப்புறம் நீங்க என்னாத்த மறைக்கிறீங்க? இன்னொரு ஸ்டார் இதுக்குப் போச்சு.

பூனையயும் வுட்டுட்டாங்க. பிரான்ஸ்காரங்க 1963 அக்டோபர்ல அனுப்புன ஃபெலிசெட், விண்வெளிக்குப் போயி உசுரோட வந்த பூனை அது ஒண்ணுதான். வந்த ரெண்டு மாசத்துல மூளைய ஆராயணும்னு கொன்னுட்டாங்க, அதான் வுட்டுட்டாங்க போல. கடைசி ரெண்டு நிமிஷம் நம்ம நாட்டு ஆளுங்கள விண்வெளிக்கு அனுப்புற ககன்யான் திட்டம், அதுல மிருகத்த வைக்காம வியோமித்ராங்கிற ரோபோ பொம்மைய அனுப்புற ஏற்பாடு, அது சரியா சொல்லியிருக்காங்க, ஆனா அவசர அவசரமா முடியுது.

கரண்ட் வந்ததும் வுட்ட எடத்துலேர்ந்து போட்டாங்க, காசு ஏமாத்தல. போறவங்க காலைல மொத ஷோவுக்குப் போங்க, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி. நடுவுல படுக்காதீங்க, ஓரமா சாஞ்சு உக்காந்தா கழுத்து வலிக்காது, ஜிப்பும் கிட்டத்துல இருக்கும். தண்ணி பாட்டில் உள்ள வுடுறாங்க. வெளில விக்கிற பிளாஸ்டிக் டெலஸ்கோப் 350, வாங்காதீங்க, எதிர்வீட்டு மாடிகூட அதுல சரியா தெரியல.